நரி வெங்காயம் எது, சிறு நரி வெங்காயம் எது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் குன்று தூரத்திலேயே தெரிந்துவிடும். ஏரியும் வயலுமாகக் கிடக்கும் சமவெளியில் அது தனித்து நிற்கும் கருங்கல் மேடு. மேலே சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயில். சரிவில் சீதைக் குகை. அங்கே பாறையில் கீறப்பட்ட வரலாற்றுக்கு முந்தைய உருவங்கள். 1760இல் இந்தக் குன்றின் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். கோயிலைப் பற்றியும் குகையைப் பற்றியும் கோட்டையைப் பற்றியும் படிக்க ஏதாவது கிடைக்கிறது. இதைப் போன்ற கரடுகளில், பாறை வெடிப்பிலும் செம்மண் திட்டிலும் வளரும் கிழங்குச் செடிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களிலும் சிலர் ஒரு செடியை இன்னொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

நரி வெங்காயம், சிறு நரி வெங்காயம், காட்டு வெங்காயம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். செஞ்சி மலைத்தொடரிலும் திண்டிவனம் வட்டாரக் கரடுகளிலும் ஆடு மேய்ப்பவர்களுக்கு இவை பழக்கமானவை. கால் ஆணிக்கு நரி வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டுவது பழைய கைவைத்தியம். தோண்டி எடுத்துக் கையில் கொடுத்தால் நல்ல பெரிய வெங்காயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெளியே காய்ந்த சருகுத் தோல், உள்ளே அடுக்கடுக்காக வெள்ளைச் சதை, அடியில் தட்டையான தண்டு, அதிலிருந்து சல்லி வேர். வெட்டி முகர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்: வெங்காய வாசனை துளியும் இராது.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். வெங்காயம், பூண்டு, இவற்றின் காட்டு உறவுகள் எல்லாம் அல்லியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் செல்களுக்குள் கந்தகம் கலந்த அமினோ அமிலப் பொருள்கள் ஓர் அறையிலும், அவற்றை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி படும்போது அறைச் சுவர் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. நொடிக்குள் வாசனை எழுகிறது. வெங்காயத்தில் மட்டும் இன்னொரு நொதி சேர்ந்து கண்ணைக் கரிக்கும் வாயுவையும் உண்டாக்குகிறது. நரி வெங்காயத்தில் இந்த ஏற்பாடு கிடையாது. அதன் சாறு பட்டால் கை அரிக்கும். செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் கட்டுக் கட்டாக இருப்பதே அதற்குக் காரணம்.

நம் சமவெளியில் தானாக வளரும் அல்லியம் எதுவும் இல்லை. இந்தியாவின் உண்மையான காட்டு வெங்காயங்களைப் பார்க்க இமயமலைக்குத்தான் போக வேண்டும். அங்கே அவற்றுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய இலை உள்ளே குழலா தட்டையா, கிழங்கின் வெளித்தோல் வலைபோல் நாராகப் பிரிகிறதா, மகரந்தத்தாள் இதழைத் தாண்டி நீள்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பெருமுக்கல் பக்கம் கேள்வியே வேறு. இங்கே வெங்காயமல்லாத ‘வெங்காயங்கள்’ குறைந்தது மூன்று வகை உண்டு, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வேண்டும்.

மூன்றில் சுலபமானதை முதலில் தள்ளிவிடலாம். மழை விழுந்ததும் வெள்ளை வெளேரென்று, நீண்ட குழலும் நடுவில் கிண்ணமுமாகப் பூக்கும் பான்கிரேஷியம் இனங்கள். பூவைப் பார்த்தவர் யாரும் இதை நரி வெங்காயம் என்று சொல்லமாட்டார். பூ இல்லாத நாளில் கிழங்கை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். உறவுமுறையில் சமையலறை வெங்காயத்துக்கு நெருக்கமானது இதுதான் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி. 2009இல் வெளியான, பூக்கும் தாவரங்களுக்கான மூன்றாம் ஏ.பி.ஜி. வகைப்பாடு மரபணு ஆதாரங்களை வைத்து வெங்காயத்தையும் பான்கிரேஷியத்தையும் விஷமூங்கிலையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தது. பூங்கொத்தைப் பார்த்தாலும் அது விளங்கும்: வெங்காயத்தில் பூக்காம்புகள் எல்லாம் தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து விரிகின்றன, விரியும்வரை ஓர் உறை அவற்றை மூடியிருக்கிறது. பான்கிரேஷியத்திலும் அப்படியே. நரி வெங்காயமும் சிறு நரி வெங்காயமும் வேறு குடும்பம். அவை தண்ணீர்விட்டான் கிழங்கோடும் மருளோடும் ஆனைக் கற்றாழையோடும் சேர்ந்தவை. அவற்றில் பூக்கள் ஒரே புள்ளியிலிருந்து வருவதில்லை. தண்டு நெடுகக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூத்துக்கொண்டு போகும்.

இனி அந்த இரண்டும். நரி வெங்காயத்துக்கு அறிவியல் பெயர் டிரிமியா இண்டிகா. பழைய புத்தகங்களில் அர்ஜினியா இண்டிகா என்று இருக்கும். சிறு நரி வெங்காயம் லெடிபூரியா ரெவல்யூட்டா. பழைய பெயர் சில்லா ஹயசிந்தினா. இவற்றைப் பிரிக்கக் கிழங்கின் அளவை நம்பக் கூடாது. இளம் நரி வெங்காயமும் முற்றிய சிறு நரி வெங்காயமும் ஒரே அளவில் இருக்கக்கூடும். நம்பத் தகுந்தது காலண்டர்.

மாசி, பங்குனியில் கரட்டில் புல் கருகிக் கிடக்கும். காரையும் சூரையும் இலை உதிர்த்து முள்ளாக நிற்கும். அப்போது வெறும் தரையிலிருந்து, ஒற்றை இலைகூட இல்லாமல், முழ உயரத்துக்கோ அதற்கு மேலோ ஒரு தண்டு எழும்பும். அதில் இடைவெளி விட்டு விட்டு மங்கிய வெண்ணிறப் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும். ஆறு இதழ்களிலும் நடுவே பச்சையும் பழுப்பும் கலந்த கோடு. ஒரு பூ ஒரு நாள்கூட நிலைப்பதில்லை. இது நரி வெங்காயம். இலை இல்லாமல் பூக்க முடிவது கிழங்கில் போன பருவத்துச் சேமிப்பு இருப்பதால். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் இதன் பெரிய உறவான டிரிமியா மாரிட்டிமாவின் கிழங்கு, மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அலமாரியில் கிடந்தாலும் பூத்துவிடும். கோடை மழைக்கு முன்பே பூத்துவிடுவதில் ஒரு லாபம் இருக்கிறது: மழை வரும்போது விதை தயாராக இருக்கும். காய் மூன்று அறை கொண்ட வெடிகனி. உள்ளே விதைகள் கறுப்பாக, தட்டையாக, ஓரத்தில் மெல்லிய சிறகோடு அடுக்கியிருக்கும். ஊதினால் பறக்கும். பூவும் காயும் முடிந்து, மழை நனைத்த பிறகுதான் இலை வெளிவரும். நீண்டு ஒடுங்கிய, புள்ளியில்லாத பச்சை இலை.

சிறு நரி வெங்காயத்தின் ஒழுங்கு நேர் எதிர். மழை விழுந்ததும் இலையும் பூவும் சேர்ந்து வரும். இலை குட்டை, அகலம், தரையோடு படிந்திருக்கும். பெரும்பாலும் அதில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். இதில் ஒரு விசேஷம் உண்டு. இலையின் நுனி ஈரமண்ணைத் தொட்டுக் கிடந்தால் அந்த நுனியிலேயே வேர் பிடித்து ஒரு குட்டிக் கிழங்கு உருவாகிவிடும். பாறைக் குழியில் தேங்கிய விரலளவு மண்ணில் ஒரு தாய்ச்செடியும் அதைச் சுற்றி இலை நீளத்துக்கு ஒன்றாகக் குட்டிகளும் நிற்பதைக் கண்டால், பூவுக்காகக் காத்திருக்காமல் பெயரைச் சொல்லிவிடலாம். பூ மிகச் சிறியது, அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். இதழ் பச்சை, மகரந்தத்தாளின் காம்பு ஊதா. விதை தட்டையாக இராது. உருண்டு சுருக்கம் விழுந்திருக்கும், சிறகு கிடையாது.

இலையும் உதிர்ந்து காயும் வெடித்து, ஒரே ஒரு காய்ந்த தண்டு மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இருக்கிறது, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வேண்டும். உதிராமல் இருந்தால் ஒவ்வொரு பூக்காம்பின் அடியிலும் ஒரு சின்னஞ்சிறு செதில் ஒட்டியிருக்கும். டிரிமியாவில், குறிப்பாகத் தண்டின் கீழ்ப்பகுதியில் உள்ள செதில்களில், சேவல் காலின் பின்முள்போல ஒரு வால் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். லெடிபூரியாவில் அது இல்லை. இந்தச் செதில்கள் சீக்கிரம் உதிரக்கூடியவை, அதனால் மொட்டாக இருக்கும்போதே பார்ப்பது நல்லது. பூ கிடைத்தால் சூலகத்தையும் பார்த்துவிட வேண்டும். லெடிபூரியாவின் சூலகம் ஒரு குட்டைக் காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும், ஒவ்வோர் அறையிலும் இரண்டே சூல்கள். டிரிமியாவின் சூலகத்துக்குக் காம்பு கிடையாது, அறைக்குப் பல சூல்கள்.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் நூல்களில் ஏன் குழம்பின? காரணம் பெயர் வைத்தவர்களிடம் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் நெடுங்காலம் வேலை பார்த்து, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குத் தலைவரான வில்லியம் ராக்ஸ்பர்க், நரி வெங்காயத்தைச் சில்லா இண்டிகா என்று விவரித்தார். அவர் இறந்தபின் 1832இல் வெளிவந்த ஃப்ளோரா இண்டிகா பதிப்பில் அது இருக்கிறது. 1843இல் தாவரவியலாளர் குந்த் அதை அர்ஜினியாவுக்கு மாற்றினார். இதற்கிடையே சிறு நரி வெங்காயம் வேறு பாதையில் ஐரோப்பா போய்ச் சேர்ந்திருந்தது. தரங்கம்பாடிக்கு மிஷன் பணிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன் காய்வித்து அனுப்பிய செடிகளைக் கொண்டு, இந்தியாவையே பார்க்காத ஆல்பிரெக்ட் ரோத் 1821இல் அதற்கு லெடிபூரியா ஹயசிந்தினா என்று பெயரிட்டார். லெடிபூரியா என்ற பேரினமே அந்தச் செடியை வைத்துத்தான் நிறுவப்பட்டது. இன்று தென்னாப்பிரிக்காவில் டஜன் கணக்கில் இனங்களைக் கொண்ட ஒரு பேரினத்துக்கு மூலச் சான்று நம் நாட்டுக் கிழங்கு! பின்னர் தாவரவியலாளர் ராபர்ட் வைட் அதே செடியை பர்னார்டியா இண்டிகா என்று வெளியிட்டார். 1870இல் தாவரவியலாளர் பேக்கர் அதை சில்லாவுக்குள் கொண்டுவந்து சில்லா இண்டிகா ஆக்கினார். ராக்ஸ்பர்க்கின் சில்லா இண்டிகா பெரியது, பேக்கரின் சில்லா இண்டிகா சிறியது. பெயருக்குப் பின்னால் எழுதும் ஆசிரியர் பெயரை விட்டுவிட்டால் எது எது என்று தெரிய வழியில்லை. மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதியவர்கள் அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

வைட்டின் நூலைப் பற்றி ஒரு வார்த்தை. 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளிவந்த அவருடைய ஐகோனஸ் தொகுதிகளில் உள்ள படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு நாட்டு ஓவியர்கள். செடியைப் பார்த்து, பூவைப் பிரித்து, சூலகத்தை வெட்டிக் காட்டி வரைந்தவர்கள் அவர்கள். பெயர் மாறி மாறிக் குழம்பிய இடங்களில்கூட, எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று இன்று படத்தை வைத்துத் தீர்க்க முடிகிறது. இந்த விஷயத்தில் எழுத்தைவிட அவர்கள் வரைந்த கோடுகளையே நான் நம்புவேன்.

1977இல் தாவரவியலாளர் ஜெசப் அர்ஜினியாவை டிரிமியாவோடு சேர்த்தார். டிரிமியா பேரினத்துக்குள் இந்தியாவில் மட்டும் ஒன்பது இனங்கள்வரை சொல்கிறார்கள். பூக்கள் நெருங்கி, கொத்து குட்டையாக இருப்பதை வைட் அர்ஜினியா கன்ஜெஸ்டா என்று பிரித்துக் காட்டினார். இன்று அது அவர் பெயரிலேயே டிரிமியா வைட்டியை என்று வழங்குகிறது. நாகார்ஜுன சாகர் பகுதியிலிருந்து டிரிமியா நாகார்ஜுனே, கர்நாடகத்திலிருந்து டிரிமியா கோவிந்தப்பே. பூக்காம்பின் நீளம், பூக்களுக்கிடையே உள்ள தூரம், கொத்தின் உயரம் என்று அளந்தால்தான் இவை பிரியும். ஆகவே இலையில்லாத தண்டைக் கண்டதும் டிரிமியா என்று சொல்வது சரி. இண்டிகா என்று முடிப்பதற்கு முன் அளவுகோலை எடுக்க வேண்டும்.

இதெல்லாம் தாவரவியலாளர் தகராறு என்று விட்டுவிட முடியாது. நரி வெங்காயத்தில் பூஃபாடையெனோலைடு என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. தேரையின் தோல் நஞ்சில் இருப்பதும் இதே வகைதான். இவை இதயத் தசைச் செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுக்கின்றன. சிற்றளவில் இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும். அளவு கொஞ்சம் மீறினால் வாந்தி, துடிப்பு மந்தம், துடிப்பின் தாளம் தவறுதல் என்று போய் உயிரையே எடுக்கும். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. டிரிமியா மாரிட்டிமாவின் சிவப்புக் கிழங்கை ஐரோப்பாவில் எலி விஷமாகவே விற்றார்கள். எலியால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் உண்ட விஷம் உள்ளேயே தங்கிவிடும். அந்த ஐரோப்பியக் கிழங்குக்கு மாற்றாக இருமல் மருந்துகளுக்கு நம் நரி வெங்காயத்தை மருந்து நூல்கள் ஏற்றுக்கொண்டன. 1890களில் டிமாக்கும் வார்டனும் ஹூப்பரும் எழுதிய ஃபார்மகோகிராஃபியா இண்டிகா போன்ற நூல்கள் பெரியதையும் சிறியதையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகின்றன. நாட்டு மருந்துக் கடையில் வில்லையாக நறுக்கிக் காய வைத்துவிட்டால் இலையும் இல்லை, பூவும் இல்லை, செதிலின் வாலும் இல்லை. வேதிப்பொருளில் வேறான இரண்டு கிழங்குகள் ஒரே சாக்கில் சேர்ந்துவிடும். கிழங்கைப் பார்த்து அடையாளம் சொல்லும் யாரையும் நம்பி இதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சித்த மருத்துவர் சுத்தி செய்து கொடுப்பது வேறு, கரட்டில் தோண்டிச் சுட்டுத் தின்பது வேறு.

இவ்வளவு பார்த்துப் பிரித்த பிறகும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. டிரிமியா இண்டிகாவின் வேர்நுனிச் செல்லில் குரோமோசோம்களை எண்ணினால் சில இடத்துச் செடியில் 20, சில இடத்தில் 30, சில இடத்தில் 40. அடிப்படை எண் 10. அதாவது முதலாவது இருமடியம், அடுத்தது மும்மடியம், அதற்கடுத்தது நான்மடியம். வெளியே பார்த்தால் எல்லாம் நரி வெங்காயம். இந்த மூன்றுக்குள் மும்மடியத்தின் நிலைதான் விசித்திரமானது. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணை சேர வேண்டும். மூன்று தொகுதி இருந்தால் ஒன்று துணையில்லாமல் நிற்கும். பங்கு சரியாகப் பிரியாது, விதை பெரும்பாலும் பிடிக்காது. அப்படிப்பட்ட செடி கிழங்கு பிரிந்து பிரிந்துதான் பெருக முடியும். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சுமிதா ஜாவும் சுமித்ரா சென்னும் இந்தக் குரோமோசோம் வேறுபாடுள்ள செடிகளின் பூஃபாடையெனோலைடுகளை ஒப்பிட்டு 1981இல் வெளியிட்டார்கள். இப்போது பரவலாகிவிட்ட டி.என்.ஏ. பார்கோடு முறை இந்த இடத்தில் உதவாது. அது ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டின் எழுத்து வரிசையைப் படிக்கிறது. தொகுதி இரண்டா மூன்றா என்பதை அது சொல்லாது. நுண்ணோக்கியில் கண் வைத்து எண்ணத்தான் வேண்டும்.

மும்மடியச் செடி ஒரு குன்றின் சரிவில் கூட்டமாக நிற்கிறது என்றால், அது ஒரே கிழங்கின் பல நூறு பிரிவுகளாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துக் குன்றில் இருப்பது இருமடியமாக இருக்கலாம். விதை பறந்துபோய் வேறிடத்தில் தப்பிப் பிழைக்கும் வசதி இருமடியத்துக்கு உண்டு, மும்மடியத்துக்கு இல்லை. திண்டிவனம், வானூர் பக்கம் கருங்கல் குவாரிகள் எத்தனை என்று அந்தச் சாலைகளில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு சரிவு வெடிவைத்துப் போனால், ‘நரி வெங்காயம்தான் செஞ்சியிலும் இருக்கிறதே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே இருப்பது வேறாக இருக்கலாம், எண்ணிப் பார்க்காதவரை யாரும் அதை அறியமாட்டோம். குகைக் கீறலைக் காக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் தாராளமாக இந்தக் கிழங்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

நம் பகுதியின் தாவரங்களுக்கு நல்ல நூல்கள் இருக்கின்றன. கேம்பிளும் ஃபிஷரும் 1915 முதல் 1936 வரை வெளியிட்ட சென்னை மாகாணத் தாவரநூல், திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் கே. எம். மேத்யூ 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தமிழகக் கர்நாட்டிக் பகுதித் தாவரநூல் இரண்டும் இந்தப் பேரினங்களைப் பிரிக்கும் திறவுகோல்களைத் தருகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியம் பெருமுக்கல்லிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரம். ஆனால் ஹெர்பேரியத் தாளில் ஒட்டியிருக்கும் செடி ஒரு நாளின் செடி. பங்குனியில் எடுத்திருந்தால் இலை இராது, ஐப்பசியில் எடுத்திருந்தால் பூ இராது. டிரிமியாவுக்கு ஒரு தாள் போதாது.

ஆகவே இந்த வேலையைச் செய்ய விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு என் யோசனை இதுதான். கிழங்கைத் தோண்டாதீர்கள். ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பாறையில் சிறு அடையாளம் வைத்து, இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். சீதைக் குகைப் பக்கம் மட்டும் பாறையில் எந்தக் குறியும் வேண்டாம். பங்குனியில் தண்டையும் மொட்டின் அடிச் செதிலையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். சித்திரை, வைகாசியில் காய் வெடிக்கும்போது விதை பிடித்திருக்கிறதா, பொக்கா என்று பாருங்கள்; ஒரு கூட்டம் முழுதும் பொக்கு என்றால் அது மும்மடியமாக இருக்கலாம் என்பதற்கு முதல் துப்பு. மழைக்குப் பின் இலையைப் பாருங்கள். புது வேர் விடும் அந்த நாட்களில் பக்கவாட்டில் மண்ணை விலக்கி நான்கைந்து வேர்நுனிகளை மட்டும் கிள்ளி, முன்பதனம் செய்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். விலக்கிய மண்ணைத் திரும்ப மூடி, கொஞ்சம் தண்ணீர் விட்டால் செடி பிழைத்துக்கொள்ளும்.